ஒரு சவரக்கத்தியின் உண்மையான வயது

இங்கிலாந்தில் உள்ள ஒரு பழம்பொருள் சந்தைக்கு நாம் போயிருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு மேசையின்மேல் பழைய மடக்குச் சவரக்கத்தி ஒன்று கிடக்கிறது. அதன் அலகில் ஆங்காங்கே துரு படிந்துள்ளது. பிடி இளமஞ்சள் நிறத்தில் யானைத் தந்தம் போல் தெரிகிறது. கத்தியில் நூலால் கட்டப்பட்ட சீட்டு ஒன்றில், "வாட்டர்லூ போரில் போரிட்ட வீரரின் கத்தி, 1815" என்று எழுதப்பட்டிருக்கிறது. விலையும் அதற்கேற்ப மிகுதியாக உள்ளது.

இந்தச் சீட்டை நம்பலாமா? சீட்டை எழுதியவர் பொய் சொல்ல வேண்டும் என்று எண்ணியிருக்க மாட்டார். யாரோ சொன்ன கதையை அவர் அப்படியே எழுதி வைத்திருக்கலாம். ஆனால், அந்தக் கத்தியே தன் வயதைப் பற்றிப் பல செய்திகளைச் சொல்கிறது. அவற்றைப் படிக்கத் தெரிந்தால் போதும். சீட்டு சொல்வது உண்மையா என்பதை நாமே கண்டறியலாம்.

கத்தியின் பாகங்கள்

முதலில் கத்தியின் பாகங்களைத் தெரிந்துகொள்வோம். சவரம் செய்யும் இரும்புத் தகடு அலகு எனப்படும். அலகின் கூரான ஓரத்தை வாய் என்றும், தடித்த மேல் ஓரத்தை முதுகு என்றும் சொல்வார்கள். அலகைப் பிடியோடு இணைக்கும் குறுகிய பகுதியைக் கழுத்து எனலாம். கழுத்தைத் தாண்டி வெளியே நீண்டு, விரல் வைக்க உதவும் பகுதி வால். இரண்டு மெல்லிய பட்டைகளால் ஆனது பிடி. கத்தியை மடக்கும்போது அலகு இந்தப் பட்டைகளுக்கு இடையில் மறைந்துகொள்ளும். கழுத்தின் வழியாகச் செல்லும் சிறிய ஆணி ஒன்று அலகையும் பிடியையும் சேர்த்து வைத்திருக்கும்.

செய்தவரின் பெயரும் முத்திரையும் பெரும்பாலும் கழுத்தில்தான் பதிக்கப்பட்டிருக்கும். எனவே, பழைய கத்தியைக் கையில் எடுப்பவர்கள் முதலில் பார்க்கும் இடமும் கழுத்துதான்.

முதல் சான்று: வடிவம்

18ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட சவரக்கத்திகளின் அலகு கனமானது. அதைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், மரம் பிளக்கப் பயன்படும் ஆப்பைப் போல் இருக்கும். முதுகு தடித்தும், வாயை நோக்கி வரவர நேராக மெலிந்தும் காணப்படும். அக்கத்திகளுக்கு வால் இருக்காது. இருந்தாலும் மிகக் குட்டையாகவே இருக்கும். 19ஆம் நூற்றாண்டு பிறந்தபின் வால் நீண்டது. விரலுக்கு வசதியாக வளையவும் தொடங்கியது.

அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் இன்னொரு மாற்றம் பரவியது. அலகின் இரு பக்கங்களையும் சாணையில் உட்குழிவாகத் தேய்த்தார்கள். இதனால் அலகு மெல்லியதாகி, எளிதில் கூர்தீட்டக் கூடியதாயிற்று. ஜெர்மனியில் உள்ள சோலிங்கன் நகரம் இத்தகைய கத்திகளுக்குப் பெயர்பெற்றது.

நம் கையில் உள்ள கத்தியைப் பார்ப்போம். அதன் வால் நீண்டு வளைந்துள்ளது. அலகு நன்றாக உட்குழிந்துள்ளது. சீட்டின்மேல் நமக்கு எழும் முதல் ஐயம் இது. ஆனால், வடிவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆப்பு வடிவக் கத்திகளை விரும்பியவர்களுக்காக அவற்றைப் பிற்காலத்திலும் செய்துவந்தார்கள்.

இரண்டாம் சான்று: எஃகின் பெயர்

இங்கிலாந்தில் கத்தித் தொழிலின் தலைநகரமாக விளங்கியது ஷெஃபீல்டு. அந்நகரத்தின் ஆறுகளில் ஓடிய நீர் சாணைக்கற்களைச் சுழற்றியது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளர், கடிகாரச் சுருள்வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்காமல் தாமே ஒரு வழியைக் கண்டுபிடித்தார். எஃகைக் களிமண் மூசையில் இட்டு, மிகுந்த வெப்பத்தில் முழுவதும் உருக்கி வார்த்தார். இதனால் எஃகு எல்லா இடத்திலும் ஒரே தன்மையுடன் அமைந்தது. இதுவே வார்ப்பெஃகு. சவரக்கத்திக்கு இதைவிடப் பொருத்தமான எஃகு அப்போது இல்லை. ஆகவே, 'வார்ப்பெஃகு' என்ற பெயரைக் கத்திகளில் பெருமையோடு பொறித்தார்கள். அப்பெயர் உள்ள கத்தி ஹன்ட்ஸ்மனின் கண்டுபிடிப்புக்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

நம் கத்தியில் 'வெள்ளி எஃகு' என்று பொறிக்கப்பட்டுள்ளது. இப்பெயரின் பின்னணியில் தென்னிந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. தென்னிந்தியக் கொல்லர்கள் பழங்காலம் முதல் மூசையில் உருக்கிய எஃகை ஐரோப்பியர்கள் 'ஊட்ஸ்' என்று அழைத்தார்கள். தென்னிந்திய மொழிகளில் வழங்கும் 'உக்கு', 'உருக்கு' ஆகிய சொற்களோடு இப்பெயருக்குத் தொடர்பு உண்டு என்பது அறிஞர் பலரின் கருத்து. லண்டனில் கத்தி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்த எஃகைக் கண்டு வியந்தார். அவரும், கொல்லரின் மகனான அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து ஊட்ஸ் எஃகின் இரகசியத்தை அறிய முயன்றார்கள். எஃகுடன் பல உலோகங்களைக் கலந்து சோதித்தார்கள். 500 பங்கு எஃகில் ஒரு பங்கு வெள்ளி கலந்தால் நல்ல பயன் கிடைக்கிறது என்று கண்டார்கள். தங்கள் ஆய்வு முடிவுகளை 1820, 1822ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்கள். ஃபாரடே தம் எஃகில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகவும் கொடுத்தார்.

அதன்பிறகே 'வெள்ளி எஃகு' என்ற பெயர் கத்திகளில் பரவியது. அப்பெயர் உள்ள எல்லாக் கத்திகளிலும் வெள்ளி இருந்தது என்று சொல்ல முடியாது. வாங்குபவரைக் கவரும் விளம்பரமாகவும் அதைப் பலர் பயன்படுத்தினார்கள். ஆயினும், காலத்தைக் கணிக்க அந்தப் பெயர் உதவுகிறது. 1815இல் நடந்த போருக்குச் சென்ற வீரரின் கையில், 1820க்குப் பின் பரவிய பெயர் கொண்ட கத்தி எப்படி இருந்திருக்கும்?

மூன்றாம் சான்று: அரச முத்திரை

கத்தியின் கழுத்தில் ஒரு சிறிய கிரீடமும், அதன் இரு பக்கங்களிலும் இரண்டு எழுத்துகளும் தெரிகின்றன. அவை 'வி', 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துகள். விக்டோரியா அரசி என்பதன் இலத்தீன் வடிவத்தை அவை குறிக்கின்றன. அவர் 1837 முதல் 1901 வரை ஆட்சி செய்தார். 'டபிள்யூ', 'ஆர்' என்று இருந்தால் அது நான்காம் வில்லியம் மன்னரின் காலம். அதாவது, 1830 முதல் 1837 வரை.

'ஜி', 'ஆர்' என்று இருந்தால் சற்று எச்சரிக்கை வேண்டும். அவை ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும். ஆனால், எந்த ஜார்ஜ்? மூன்றாம் ஜார்ஜும் நான்காம் ஜார்ஜும் 1760 முதல் 1830 வரை அடுத்தடுத்து ஆண்டார்கள். ஐந்தாம் ஜார்ஜ் ஆண்டதோ 1910 முதல் 1936 வரை. ஒரே எழுத்துகள் 80 ஆண்டு இடைவெளியில் மீண்டும் வருகின்றன. அப்போது வடிவத்தையும் பிற சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

நம் கத்தியில் இருப்பது விக்டோரியாவின் முத்திரை. வாட்டர்லூ போர் முடிந்து 22 ஆண்டுகள் கழிந்த பிறகே அவர் அரியணை ஏறினார். இந்த ஒரு சான்றே சீட்டை மறுத்துவிடுகிறது.

நான்காம் சான்று: நாட்டின் பெயர்

முத்திரைக்குக் கீழே 'ஷெஃபீல்டு, இங்கிலாந்து' என்று உள்ளது. ஊரின் பெயரோடு நாட்டின் பெயரையும் ஏன் சேர்த்தார்கள்? இதற்குப் பின்னால் வணிகப் போட்டி இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலிவான வெளிநாட்டுக் கத்திகள் ஷெஃபீல்டின் பெயரைத் தாங்கி விற்பனைக்கு வருவதாக அந்நகரத்தார் முறையிட்டார்கள். 1887ஆம் ஆண்டு பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றியது. பிரிட்டனில் விற்கப்படும் வெளிநாட்டுப் பொருள்கள், தாம் எங்கே செய்யப்பட்டவை என்பதில் வாங்குவோரை ஏமாற்றக் கூடாது என்று அச்சட்டம் கூறியது. 'ஜெர்மனியில் செய்யப்பட்டது' என்ற சொற்கள் உலகெங்கும் பரவியது இதன் பிறகுதான். மலிவுப் பொருளை அடையாளம் காட்ட வந்த அந்தச் சொற்கள், காலப்போக்கில் தரத்தின் அடையாளமாக மாறியது வியப்புக்குரியது.

1890இல் அமெரிக்காவும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இறக்குமதியாகும் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி, 1891 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. ஷெஃபீல்டு கத்திகளை மிகுதியாக வாங்கிய நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. ஆகவே, 'இங்கிலாந்து' என்ற சொல் கத்திகளில் வழக்கமாக இடம்பெறத் தொடங்கியது. அதற்கு முன்பும் சிலர் முகவரியின் பகுதியாக அச்சொல்லைப் பொறித்ததுண்டு. எனவே, இது வலுவான சான்றுதான். ஆனால், இறுதியான சான்று ஆகாது.

ஐந்தாம் சான்று: பெயரும் முகவரியும்

ஷெஃபீல்டு வட்டாரக் கத்தித் தொழிலாளர்களின் சங்கம் 1624ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஒருவரின் முத்திரையை மற்றவர் பயன்படுத்தாதபடி, சங்கம் முத்திரைகளைப் பதிவு செய்தது. 1787இல் அச்சான ஷெஃபீல்டு வணிகக் கையேட்டில் கத்தி செய்தவர்களின் பெயர்களோடு அவர்களுடைய முத்திரைகளும் இடம்பெற்றன. பின்னர் வந்த கையேடுகள் நிறுவனங்களின் முகவரிகளைக் கொடுத்தன. ஒரு நிறுவனம் எந்தத் தெருவில் எந்த ஆண்டுகளில் இயங்கியது, எப்போது அதன் பெயரில் 'மகன்கள்' என்ற சொல் சேர்ந்தது என்பவற்றை இவற்றில் தேடலாம். கத்தியில் உள்ள பெயரையும் முகவரியையும் கையேட்டோடு ஒப்பிட்டால், காலம் இன்னும் துல்லியமாகத் தெரியவரும்.

இங்கேயும் ஏமாறக் கூடாத ஓர் இடம் உண்டு. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை, விண்மீனும் மால்ட்டாச் சிலுவையும் சேர்ந்தது. அம்முத்திரை 1682இல் பதிவு பெற்றது. அதே முத்திரை 20ஆம் நூற்றாண்டுக் கத்திகளிலும் உண்டு. முத்திரைக்கு வயது அதிகம் என்பதால் கத்திக்கும் அதே வயது என்று எண்ணிவிடக் கூடாது.

ஆறாம் சான்று: பிடி

பழைய பிடிகள் கொம்பு, எலும்பு, மரம், ஆமை ஓடு, யானைத் தந்தம் முதலியவற்றால் செய்யப்பட்டன. 1870 வாக்கில் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயட் செல்லுலாய்ட் என்ற செயற்கைப் பொருளை உருவாக்கினார். அதைக் கொண்டு தந்தத்தைப் போன்ற பிடிகளை மலிவாகச் செய்ய முடிந்தது.

இரண்டையும் எப்படி வேறுபடுத்துவது? உண்மையான தந்தத்தின் குறுக்குவெட்டுப் பகுதியில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் இயற்கையாகவே அமைந்திருக்கும். செல்லுலாய்டில் ஒழுங்கான இணைகோடுகளே காணப்படும். செல்லுலாய்டை விரலால் தேய்த்துச் சற்றுச் சூடேற்றினால் கற்பூர மணம் வீசும். நம் கத்தியின் பிடியைத் தேய்த்துப் பார்க்கிறோம். கற்பூர மணம் வருகிறது! அது தந்தம் அன்று, செல்லுலாய்ட். ஆகவே, பிடி 1870க்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

ஆனால், பிடி பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம் அல்லவா? அதற்காக ஆணியைப் பார்க்கிறோம். ஆணியும் அதைச் சுற்றியுள்ள சிறு வளையமும் பிடியைப் போலவே தேய்ந்து பழமையாக உள்ளன. அலகும் பிடியின் நடுவில் சரியாக அமர்கிறது. பிடி மாற்றப்பட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

சான்றுகளைச் சேர்த்துப் பார்ப்போம்

வெள்ளி எஃகு என்ற பெயர் 1820க்குப் பின்னர். விக்டோரியாவின் முத்திரை 1837க்கும் 1901க்கும் இடையில். செல்லுலாய்ட் பிடி 1870க்குப் பின்னர். 'இங்கிலாந்து' என்ற சொல் பெரும்பாலும் 1891க்குப் பின்னர். இவற்றுள் எதை ஏற்பது? எல்லாவற்றையும் ஏற்க வேண்டும். ஒரு பொருள், தன்னிடம் உள்ள மிகப் புதிய பகுதியைவிடப் பழமையானதாக இருக்க முடியாது. காலங்கணிப்பவர்கள் கைக்கொள்ளும் அடிப்படை விதி இதுதான்.

அதன்படி, இக்கத்தி பெரும்பாலும் 1891க்கும் 1901க்கும் இடையில் செய்யப்பட்டது. பழைய அச்சுகளைச் சில ஆண்டுகள் கூடுதலாகப் பயன்படுத்தும் வழக்கமும் இருந்திருக்கக் கூடும். ஆதலால், 'ஏறத்தாழ 1891 – 1901' என்று எழுதுவதே நேர்மை. வாட்டர்லூ போரில் 18 வயது இளைஞராக நின்ற ஒருவர் 1891இல் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 94 வயது!

அப்படியானால் கத்திக்கு மதிப்பில்லையா?

கதை பொய்யானதும் கத்தியின் மதிப்பு குறைந்துவிட்டதாகச் சிலர் நினைப்பார்கள். ஆனால், இக்கத்திக்கு வேறொரு கதை உண்டு. அதைப் பற்றிச் சீட்டில் ஒரு சொல்கூட இல்லை.

ஷெஃபீல்டில் ஒரு கத்தியைச் செய்துமுடிக்கப் பல கைகள் தேவைப்பட்டன. கொல்லர் அலகை அடித்து உருவாக்கினார். சாணை பிடிப்பவர் அதைத் தேய்த்து மெலிவாக்கினார். மற்றொருவர் பிடி போட்டார். இவர்களில் பலர் சிறு பட்டறைகளில் தனித்தனியே உழைத்தவர்கள். கழுத்தில் பொறிக்கப்பட்டதோ கத்தியை விற்ற நிறுவனத்தின் பெயர் மட்டுமே.

இவர்களில் சாணை பிடித்தவர்களின் நிலை மிகக் கொடியது. சுழலும் மணற்கல்லின்மேல் குனிந்தபடி நாள் முழுவதும் வேலை செய்தார்கள். கல்லும் இரும்பும் தேய்ந்து எழுந்த தூசு அவர்களின் நுரையீரலில் படிந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஷெஃபீல்டு மருத்துவர் நைட் இதைப் பதிவு செய்தார். தண்ணீர் படாத சாணையில் வேலை செய்தவர்களின் சராசரி ஆயுள் 35 ஆண்டுகளைக்கூட எட்டவில்லை என்றும், ஈரச் சாணையில் வேலை செய்தவர்கள் 45 வயதைக் கடந்தது அரிது என்றும் அவர் குறிப்பிட்டார். மணற்கல்லின் இடத்தைச் செயற்கைச் சாணைக்கற்கள் பிடித்தது 20ஆம் நூற்றாண்டில்தான். நம் கத்தியின் அழகான உட்குழிவும் யாரோ ஒரு தொழிலாளி மூச்சைக் கொடுத்துத் தேய்த்ததாகவே இருக்கலாம்.

தவறான சீட்டு, இக்கத்தியை அந்தத் தொழிலாளியிடமிருந்து பறித்து, அதைத் தொட்டே இராத ஒரு போர்வீரருக்குக் கொடுத்துவிட்டது. சரியான ஆண்டைக் கண்டறியும்போது, அதை உண்மையில் செய்தவர்களின் காலத்துக்கு நாம் கத்தியைத் திருப்பிக் கொடுக்கிறோம்.

அக்காலமும் விரைவில் முடிவுக்கு வந்தது. 1903இல் கிங் கேம்ப் ஜில்லெட்டின் நிறுவனம், அலகை மாற்றிக்கொள்ளக்கூடிய பாதுகாப்புச் சவரக்கத்தியை விற்கத் தொடங்கியது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்கு அது மில்லியன் கணக்கில் வழங்கப்பட்டது. வீடு திரும்பியவர்கள் மடக்குக் கத்தியை மறந்தார்கள். அது மெல்ல மெல்ல இழுப்பறைக்குள் ஒதுங்கியது.

பழைய கத்தி கிடைத்தால்

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய சவரக்கத்தி இருந்தால், பெரியவர் ஒருவரின் துணையோடு மட்டும் அதைக் கையாளுங்கள். நூறு ஆண்டுகள் கடந்தும் அதன் வாய் கூர்மையாக இருக்கலாம். துருவை நீக்குவதாக எண்ணி உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். துருவோடு முத்திரையும் போய்விடும். மென்மையான துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். செல்லுலாய்ட் எளிதில் தீப்பற்றும். சிதையும்போது அதிலிருந்து வெளிவரும் ஆவி அலகைத் துருப்பிடிக்கச் செய்யும். அதைக் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தொலைவில் வையுங்கள். பிடி உண்மையான யானைத் தந்தமாக இருந்தால் அதை விற்க எண்ணாதீர்கள். சிங்கப்பூரில் யானைத் தந்த விற்பனை 2021 செப்டம்பர் 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தியைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதையை எழுதி வையுங்கள். அதற்குக் கீழே, கத்தி சொல்லும் செய்திகளையும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால், கேட்டது எது, கண்டது எது என்று பிரித்துக் குறியுங்கள். பின்னால் அதைப் படிப்பவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

சிந்தித்து விடையளிக்க

1. ஒரு கத்தியின் அலகு ஆப்பு வடிவில் உள்ளது. கழுத்தில் கிரீடமும் 'டபிள்யூ', 'ஆர்' எழுத்துகளும் உள்ளன. 'வார்ப்பெஃகு' என்ற சொல் உண்டு. நாட்டின் பெயர் இல்லை. பிடி செல்லுலாய்டால் ஆனது. ஆணி புத்தம் புதியதாக உள்ளது. இக்கத்தியின் அலகு எக்காலத்தைச் சேர்ந்தது? பிடியைப் பற்றி நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்? காரணங்களுடன் எழுதுக.

2. 'ஜி', 'ஆர்' என்ற எழுத்துகளை மட்டும் கொண்டு காலத்தை முடிவு செய்வது ஏன் தவறாகலாம்?

3. 'ஒரு பொருள், தன்னிடம் உள்ள மிகப் புதிய பகுதியைவிடப் பழமையானதாக இருக்க முடியாது.' இவ்விதியை உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றோடு பொருத்தி விளக்குக.

4. சந்தையில் இருந்த சீட்டைத் திருத்தி எழுதும் பொறுப்பு உங்களுக்குக் கிடைத்தால் என்ன எழுதுவீர்கள்? மூன்று வாக்கியங்களில் எழுதுக.